அயடீன் ஸ்கானா, பெட் ஸ்கானா?

மாமியின் ரிப்போட்டைப் பார்த்த சொந்தக்காரர் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “மகரகம புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குப் போய் பெட் ஸ்கான் எடுத்தால் என்ன, அதுதானே பெரிசு?” மாமிக்கு வந்த தைரொயிட் புற்றுநோயில் அந்தக் கணக்குச் சரிவராது. புற்றுக்கலம் எதை உறிஞ்சுகிறதோ, அதைக் கொடுத்துத்தான் அது எங்கே பரவியிருக்கிறது என்று தேடுவார்கள்.

அதனால் முதலில் பயோப்சி ரிப்போட்டில் வகையைப் பாருங்கள். பாப்பிலரி, பொலிக்குலர் என்று இருந்தால் அந்தக் கலங்கள் பெரும்பாலும் அயடீனை இழுக்கும், ஆகவே கதிர்வீச்சுள்ள அயடீன் 131 அல்லது 123 கொடுத்து முழு உடம்பையும் படம் எடுப்பார்கள். 131இன் அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறையும் காலம், 8 நாள், சிகிச்சைக்கும் அதுவேதான். 123க்கு 13 மணித்தியாலம், படம் தெளிவு. மெடுலரி என்றால் அயடீன் ஸ்கான் உதவாது. அந்தக் கலங்கள் சுரக்கும் கல்சிற்றோனின் இரத்தத்தில் ஏறினால், கலியம் 68 டோட்டாடேற் என்ற கதிர்வீச்சு மருந்து கொடுத்து எடுப்பது போன்ற வேறு பெட் ஸ்கான்கள் இருக்கின்றன.

கதிர்வீச்சுள்ள சீனி கொடுத்து எடுக்கும் எஃப்டிஜி பெட் எப்போது? தைரொயிட் கலங்கள் மட்டுமே சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதம் இரத்தத்தில் கூடி, பொதுவாக மில்லிலீற்றருக்கு 10 நானோகிராமுக்கு மேலே நின்று, அயடீன் படத்தில் ஒன்றும் தெரியாதபோது. கலம் முரடாக மாறும்போது அயடீனை விட்டுவிட்டுச் சீனியைப் பிடிக்கும். தைரோகுளோபுலின் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது இருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

அயடீன் ஸ்கானுக்கு ஆயத்தம்தான் எங்கள் ஊரில் பெரிய பாடு. ஒன்று, இரண்டு கிழமை அயடீன் குறைந்த சாப்பாடு, அதாவது அயடீன் சேர்த்த பைக்கற் உப்பு, மீன், நண்டு, இறால், கருவாடு, முட்டை மஞ்சள் கரு, பால் எல்லாம் விலக்கு. கூழ் வைக்கிற வீட்டில் மாமி தனிச் சட்டியில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டு எங்களை முறைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அண்மையில் சாயம் ஏற்றி சிடி எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அந்தச் சாயத்தில் அயடீன் நிறைய. தைரொக்சின் (தைரொயிட் ஹோர்மோன்) குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நாள் குறித்துத் தருவார்கள். கர்ப்பமோ பாலூட்டலோ என்றால் எதற்கும் முன்னர் அதைச் சொல்லுங்கள்.

எஃப்டிஜிக்கு 6 மணித்தியாலம் பட்டினி. நீரிழிவுக்காரர் மெட்போமின் பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டும்.

அயடீன் படத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி, வயிறு, சிறுநீர்ப்பை கறுப்பாகத் தெரிவது வழமை. மாமிக்கு இடுப்பருகே ஒரு புள்ளி விழுந்து வீடே கலங்கிப் போனது. அப்புறம் பார்த்தால் சட்டைப்பையில் இருந்த, வாய் துடைத்த கைலேஞ்சி; உமிழ்நீரில் வந்த அயடீன் அதில் ஒட்டியிருந்தது. அதை எடுத்துப்போட்டு மறுபடி படம் பிடித்தபோது புள்ளி இல்லை.