மலைக்குளிரில் பச்சிளங்குழந்தை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கோத்தகிரியில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தேன். சுகப்பிரசவம் ஆகி நாலாம் நாள். குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், குல்லா, கையுறை, அதற்கு மேல் கம்பளி. “ரொம்ப சமத்துக்கா, அஞ்சு மணி நேரமா தூங்குறா” என்றாள் அந்தப் பெண். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிப் பையில் என்ன வைப்பது, யாரைத் துணைக்கு அழைப்பது என்பதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

இயற்கைப் பிரசவம் என்றால் வீட்டுப் பிரசவம் என்று நினைப்பது

இரண்டும் வேறு வேறு. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு தாய் இறந்துபோனார். அதுவும் ஆஸ்பத்திரிகள் நிறைந்த ஊரில். நமக்கு மேட்டுப்பாளையம் போய்ச் சேரவே 30 கிலோமீட்டருக்கு மேல் மலை இறங்க வேண்டும்.

வலி எடுத்ததும் படுத்துவிடுவது

முடிந்தவரை நடங்கள்.

“சமத்தாகத் தூங்குகிறது” என்று விட்டுவிடுவது

இன்றைக்கும் இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

மூத்தவன் பிறந்தது டிசம்பர் கடைசியில். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அன்று ராத்திரி கடுங்குளிர். மாமியாரும் அம்மாவும் நானுமாகச் சேர்ந்து பிள்ளையைப் பொதிந்து பொதிந்து வைத்தோம். விடியும்வரை தூங்கினான், பாலுக்கு அழவே இல்லை. அவனை எழுப்பிப் பார்க்கலாமா என்று இவர் கேட்டபோது, தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று எல்லாருமாக அடக்கிவிட்டோம். தையல் வலியில் எனக்கும் தூக்கம் வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் கண் வெள்ளையெல்லாம் மஞ்சள். மஞ்சள் பாதம் வரை இறங்கியிருந்தது. முந்தின நாள் முழுக்க நனைந்த துணி இரண்டே இரண்டு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தான். அன்றே மலை இறங்கினோம். மஞ்சள் காமாலை குறைய, பிள்ளையின் கண்ணைக் கட்டி, நீல விளக்குக்குக் கீழே இரண்டு நாள் படுக்க வைத்திருந்தார்கள். எனக்கோ பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. அவர் கஞ்சி வாங்கி வருவார், நான் ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். அளவுக்கு மீறிப் போர்த்தினால் பிள்ளை அசந்து தூங்கும், தூங்கினால் குடிக்காது. குடிக்காவிட்டால் மலம் சரியாகப் போகாது. மலத்தோடு வெளியேற வேண்டிய மஞ்சள் நிறமி குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்கே போகும். மஞ்சள் ஏற ஏறப் பிள்ளை இன்னும் சோர்ந்து தூங்கும். பிள்ளை சப்பாததால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும். அப்புறம் “உனக்குப் பால் பத்தவில்லை” என்று பழி வேறு வரும்.

பிறந்த எடை திரும்ப வரும் வரைக்கும், அதாவது முதல் இரண்டு வாரம், 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் தாண்டினால் எழுப்பிவிடுங்கள். கம்பளியை எடுத்து, துணி மாற்றி, உள்ளங்காலைத் தேய்த்தால் விழித்துக்கொள்ளும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறு துணியாவது நனைய வேண்டும், கறுப்பு மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, எப்போதானாலும் உள்ளங்கை, பாதம் வரை பரவினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். காலை வெயிலில் காட்டுவது அதற்கு வைத்தியம் ஆகாது.

சரி, குளிருக்கு என்ன செய்வது? வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் போதும். வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். பிடரி வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் கட்டி, சட்டையில்லாமல் உங்கள் வெறும் நெஞ்சில் போட்டு மேலே ஒரு போர்வை போர்த்தினால், எந்த ஸ்வெட்டரும் தராத சூடு அதற்குக் கிடைக்கும். அப்பா நெஞ்சும் ஆகும். இரண்டாவது பிள்ளை அப்படித்தான் இவர் நெஞ்சிலேயே வளர்ந்தாள்.

அந்த வீட்டில் கம்பளியைப் பிரித்து எழுப்பினோம். வீரிட்டு அழுதாள், இருபது நிமிடம் குடித்தாள்.

சேனை வைப்பது

பிறந்ததும் பிள்ளை நாக்கில் தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். சீம்பால் போதும்.

மூடிய அறைக்குள் கரி அடுப்பு

ஒருபோதும் வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கொடைக்கானலில் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழாமலே போயிருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் “வலி கூடட்டும்” என்று காத்திருப்பது

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிந்து எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பாதை அடைபட்டது என்பது இங்கே யாருக்கும் மறக்காது. இரண்டாவது பிள்ளைக்கு நவம்பரில்தான் நாள் குறித்திருந்தார்கள். பத்து நாள் முன்னாடியே மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம். பனிக்குடம் உடைந்த ராத்திரி மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டிகள் நின்றிருந்தன. நாங்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.