பழைய மைக்ரோமீட்டருக்கு ஜீரோ வைப்பது எப்படி?

பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் பழைய சாமான் கடையில் மைக்ரோமீட்டர் (திருகு வைத்து நுணுக்கமாக அளக்கும் கருவி) வாங்கி வந்து, "மூடினால் ஜீரோவே நிற்கவில்லை, தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். போட வேண்டாம். பெரும்பாலும் வீட்டு மேசையிலேயே சரியாகிவிடும். கீழே உள்ளது 0–25 மி.மீ. மைக்ரோமீட்டருக்கு. ரீடிங் எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சுத்தம். திம்பிளை (கையால் சுழற்றும், கோடு போட்ட உருளை) திருகிக்கொண்டே போய் ஸ்பிண்டிலோடு (அதோடு சேர்ந்து நகரும் தண்டு) வெளியே எடுங்கள். மரையில் இறுகிய பழைய எண்ணெயை மண்ணெண்ணெயும் டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கிரீஸ் கூடவே கூடாது. அளக்கும் முகங்களுக்கு நடுவே வெள்ளைத் தாளை லேசாகக் கவ்வவிட்டு உருவுங்கள். தாளில் கறுப்பு படியாத வரை இதைச் செய்ய வேண்டும்.

அடுத்து ஆட்டம். ஸ்பிண்டில் முன்னும் பின்னும் ஆடினால், திம்பிளுக்குள் மறைந்திருக்கும் சரிசெய்யும் நட்டைக் கொஞ்சமே கொஞ்சம் இறுக்குங்கள். ஜீரோ வைப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். பிறகு தொட்டால் ஜீரோ நகர்ந்துவிடும்.

இப்போது ராட்செட்டை (திம்பிளின் கடைசி முனையில், இறுக்கம் வந்ததும் நழுவும் குமிழ்) பிடித்து மட்டும் மூடுங்கள். ஜீரோவிலிருந்து வித்தியாசம் 0.01 மி.மீ.-க்குள் என்றால், ஸ்லீவின் (திம்பிளுக்குள் போகும், அளவுக்கோடு போட்ட குழாய்) பின்பக்கத் துளையில் மைக்ரோமீட்டர் சாவியைக் கொக்கி போல மாட்டி, கோடு ஜீரோவுக்கு வரும்வரை ஸ்லீவைத் திருப்பினால் போதும்.

அதற்கு மேல் என்றால் திம்பிளையே நகர்த்த வேண்டும். எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்பிண்டிலை லாக் செய்து, ராட்செட்டைச் சாவியால் தளர்த்துங்கள். திம்பிள் அப்போதும் அசையாது. அது ஸ்பிண்டிலில் கூம்பு வடிவத்தில் கவ்வி உட்கார்ந்திருக்கிறது. பழைய கருவியில் அந்தக் கவ்வு வருஷக்கணக்கில் இறுகிப்போயிருக்கும். பிளையர் போட்டுத் திருகினால் கோடுகள் பாழ். திம்பிளை ராட்செட் பக்கமாக இழுத்துப் பிடித்து, மரக் கைப்பிடியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள். 'டக்'கென்று விடும். ஜீரோவில் நிறுத்தி ராட்செட்டை இறுக்கும்போது திம்பிளும் துளி சுழலும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மிச்சத்தை ஸ்லீவில் தீர்த்துக்கொள்ளலாம். லாக்கை எடுத்துவிட்டு மறுபடி மூடிப் பார்க்க மறக்காதீர்கள்.

ஜீரோ நின்றதும் வேலை முடிந்தது என்று பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். திருகு நடுவில் தேய்ந்திருந்தால் ஜீரோ அதைக் காட்டாது. பீன்யா தொழிற்பேட்டையில் தெரிந்தவர் இருந்தால் ஸ்லிப் கேஜ் செட் (துல்லியமான அளவுள்ள எஃகுக் கட்டைகள்) இரவல் வாங்குங்கள். 5, 10, 15 என்று முழு எண்ணில் பார்த்துப் பயனில்லை. திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகர்வதால் எல்லாமே திம்பிளின் ஜீரோவில்தான் வந்து நிற்கும். சுற்றின் மற்ற இடங்கள் சோதிக்கப்படாமலே போகும். 5.1, 7.7, 10.3, 12.9 என்று வையுங்கள். திம்பிள் 10, 20, 30, 40-இல் நிற்கும். கேஜைத் துணியால் பிடியுங்கள், கைச்சூடு பட்டால் விரியும்.

பிற்சேர்க்கை: இன்ச் மைக்ரோமீட்டருக்கும் இதே முறைதான். அதில் திம்பிளுக்கு 25 கோடு, ஒரு கோடு 0.001 இன்ச். 25–50 மி.மீ. என்றால் மூடிப் பார்க்க முடியாது, நடுவில் வைத்துப் பார்க்க 25 மி.மீ. செட்டிங் ராடு (சரியாக அந்த நீளமுள்ள தண்டு) வேண்டும். பழைய கருவியோடு அது அநேகமாக வராது. வாங்கும்போதே பெட்டியைத் திறந்து பாருங்கள்.