சிந்தசைசர் வாங்க முன் கையைச் சோதியுங்கள்

லெப்டொப்பில் கிடைக்காத சத்தம் வேண்டும் என்றுதான் பலரும் சிந்தசைசருக்கு (மின்னலைகளிலிருந்து சத்தத்தை உருவாக்கும் வாத்தியப் பெட்டிக்கு) காசு சேர்க்கிறார்கள். அது பிழையான காரணம். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசரின் சத்தங்களை டெக்செட் என்ற இலவச மென்பொருளே ஏறக்குறைய அப்படியே தந்துவிடும். பெட்டியின் வசியம் கையில்தான் இருக்கிறது: ஒரு குமிழுக்கு ஒரு வேலை, பார்க்காமலே விரல் அங்கே போகும்.

அது உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலில் லெப்டொப்பிலேயே பாருங்கள். சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர் மென்பொருள் இலவசம். ஒரேயொரு சோ அலையுள்ள (வாள்பல் வடிவ அலை) வெறும் சத்தத்தைத் திறந்து, கட்ஓஃப் (ஃபில்டர் வெட்டும் இடம்), ரெசனன்ஸ் (அந்த இடத்தின் அழுத்தம்), அட்டாக் (சத்தம் எழும் நேரம்), டிகே (அது தணியும் நேரம்) நான்கையும் மிடி கீபோர்டின் (வாசிப்பைக் கட்டளையாக லெப்டொப்புக்கு அனுப்பும் கீபோர்டின்) குமிழ்களுக்குக் கொடுங்கள். ஓடியோ பஃபர் (சத்தத்தை வெளியே விடமுன் லெப்டொப் சேர்த்து வைக்கும் அளவு) 128இல் இருக்கட்டும். 44,100 ஹேர்ட்ஸில் அது சுமார் 3 மில்லிசெக்கன் தாமதம். 512இல் 11.6 ஆகி, விரலுக்குப் பின்னால் சத்தம் இழுபடும். சத்தம் படபடவென்று வெடித்தால் 256 வையுங்கள். இனி அரை மணி நேரம் மவுசைத் தொடாமல் வாசியுங்கள். கை மவுசைத் தேடினால் காசு மிச்சம்.

தேடாவிட்டால் கோர்க் வோல்கா கீஸ் போன்ற சின்னப் பெட்டி போதும். ஆறு ஏஏ பற்றரியில் ஓடும், கரண்ட் போனாலும் நிற்காது. அடப்டர் போடுவதானால் 9 வோல்ட், நடுமுனை பொசிட்டிவ். கிற்றார் பெடல் அடப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ், மாற்றிக் குத்தவேண்டாம். ஒரே நேரத்தில் மூன்று சுரம்தான் வரும். குமிழ் நின்ற இடத்தையும் அது நினைவில் வைக்காது, போனில் படம் எடுத்து வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாறும் கல்யாண மேடைக்கு ஓர்கனே சரி.

மிக்சருக்குக் கொண்டுபோகும்போது ஒரு பொறி உண்டு. ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ வயரை நேரே பலன்ஸ்ட் உள்ளீட்டில் (இரு வயர்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் துளையில்) குத்தினால், இரு பக்கமும் ஒரே சத்தம் என்பதால் ஒன்றையொன்று அழித்துச் சத்தமே மறைந்துபோகும். இரண்டாகப் பிரியும் வயர் போடுங்கள்.

யூஎஸ்பி உள்ள வேறு பெட்டியை லெப்டொப்போடு இணைத்து, அது ‘ம்ம்ம்’ என்று இரைந்தால், லெப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் வளையம்தான் (எர்த் இரண்டு வழியாக இணைந்துபோவது). ஐந்து முனை மிடி வயருக்கு மாறுங்கள், அதில் மின்தொடர்பு ஒளியால் பிரிக்கப்பட்டிருக்கும். அல்லது சத்த வயரின் நடுவே, மின்தொடர்பைப் பிரிக்கும் ட்ரான்ஸ்போர்மர் உள்ள டிஐ பெட்டி வையுங்கள். பிளக்கின் எர்த் முனையை வெட்டுவது உயிருக்கு ஆபத்து.

கல்லடி, கல்முனை போன்ற கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. குமிழ் கரகரத்தால் மின்சாரத்தை நிறுத்தி, இரு எல்லைக்கும் முப்பது தடவை திருப்புங்கள். போகாவிட்டால் கொண்டாக்ட் கிளீனர் (மின்தொடர்பைத் துப்புரவாக்கும் ஸ்ப்ரே) அடியுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் தூசி ஒட்டும். மாரியில் சிந்தசைசரை மூடியுள்ள டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளிமேடைக்குக் கொண்டுபோனால், பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டே சுவிட்சைப் போடுங்கள். குளிர்ந்த சேர்க்கிட்டில் நீர் பூத்திருக்கும்.