மே மாதத்தில் எந்தச் செடியையும் பிடுங்காதீர்கள்

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள எங்கள் ஸ்காபரோவில் மே நடுப்பகுதி வந்துவிட்டால் என் தொலைபேசிக்கு இரண்டு வகைப் படங்கள் வரத் தொடங்கும். ஒன்று, வேலியோரம் பூத்துக் குலுங்கும் லைலாக், ரியூலிப் படங்கள். மற்றது, சாடியில் அல்லது நிலத்தில் நட்டபடி நிற்கும் காய்ந்த குச்சியின் படம். அதற்குக் கீழே ஒரு கேள்வி: "அக்கா, இது செத்துப்போச்சோ?" பூப் படம் அனுப்பியவர்களுக்கு அதன் பெயரையும் வயதையும் கேட்டு எழுதுவேன். குச்சிப் படத்துக்கு என்னிடம் ஒரே பதில்தான். பிடுங்காதையுங்கோ, முதலில் சுரண்டிப் பாருங்கோ.

சுரண்டுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கிளையின் நுனியில் பெருவிரல் நகத்தால் தோலை மெல்லக் கீறுங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி கீறுங்கள். இப்படியே அடி வரை வாருங்கள். பெரும்பாலும் நுனி செத்திருக்கும், நடுவில் எங்கோ பச்சை தொடங்கும். அந்த எல்லைதான் நீங்கள் பின்னால் வெட்டப்போகும் இடம். ஒரு கிளையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வடக்குக் காற்றுப் பட்ட பக்கம் கருகி, சுவர்ப் பக்கம் நன்றாக இருப்பது இங்கே சாதாரணம். அடி வரை பழுப்பாக இருந்தாலும் வேர் உயிரோடு இருக்கலாம், அதற்கு ஜூன் முடியும் வரை நேரம் கொடுக்க வேண்டும்.

நேரம் கொடுக்காமல் அநியாயமாகப் பிடுங்கப்படுவதில் முதலிடம் ரோஸ் ஒவ் ஷரோனுக்குத்தான். எங்கள் செவ்வரத்தையின் நெருங்கிய உறவு அது. ஒன்ராறியோக் குளிரைத் தாங்கி நிலத்திலேயே நிற்கும் என்பதால் சாமிக்குப் பூ வேண்டும் என்று நம்மவர்கள் பலர் நடுகிறார்கள். பக்கத்து வீட்டு மேப்பிள் முழு இலை விட்ட பிறகும் இது மொட்டைக் குச்சியாக நிற்கும். மே கடைசியில், சில வருடம் ஜூன் பிறந்த பிறகுதான் துளிர்க்கும். அதன் இயல்பே அது. ஆடி ஆவணியில் பூத்துத் தள்ளும்போது அந்தத் தாமதத்துக்கெல்லாம் கணக்குத் தீர்த்துவிடும்.

சரி, உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்தது கத்தரிக்கோல். இங்கேதான் ஒரு வருடப் பூவை ஐந்து நிமிடத்தில் இழந்துவிடுகிறோம். வெட்டுமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தச் செடி போன வருடம் வளர்ந்த பழைய கிளையில் பூக்கிறதா, இந்த வருடம் வளரும் புதுக் கிளையில் பூக்கிறதா?

லைலாக், போர்சித்தியா, மக்னோலியா எல்லாம் பழைய கிளைக்காரர். போன கோடையிலேயே மொட்டைக் கட்டி வைத்துக்கொண்டு பனிக்குள் தூங்கியவை. ஏப்ரலில் "அழகாக்குகிறேன்" என்று அவற்றின் தலையைச் சீவினால் அந்த வருடப் பூ குப்பைப் பைக்குள் போய்விடும். லைலாக்கை வெட்ட ஒரே நல்ல நேரம், பூ வாடிய உடனே வரும் இரண்டு மூன்று வாரம். வாடிய பூங்கொத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒன்றை அடியோடு வெட்டுங்கள். உள்ளே வெளிச்சம் போகும், கீழிருந்து புதுத் தண்டு வரும். லைலாக் பார்க்க ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் மே கடைசியில் ஹமில்ரன் பக்கம் இருக்கும் றோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ் போய் வாருங்கள், ஒரு பள்ளத்தாக்கு முழுக்க லைலாக். வீட்டில் இடம் இருந்தால் பிரெஸ்ரன் லைலாக் ஒன்றும் வையுங்கள். ஒட்டாவாவின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் இசபெல்லா பிரெஸ்ரன் என்ற அம்மா 1920களில் உருவாக்கிய வகை. மற்ற லைலாக் முடிந்த பிறகு பூக்கத் தொடங்கும், பனிக்கு அசையாது.

ஹைட்ரேஞ்சியாவில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒரே பெயரில் வேறு வேறு சுபாவம் உள்ள செடிகள் நிற்கின்றன. பெரிய வெள்ளை உருண்டையாகப் பூக்கும் அனபெல், கூம்பாகப் பூக்கும் லைம்லைட் இரண்டும் புதுக் கிளையில் பூப்பவை. அனபெல்லை முழங்கால் அளவுக்கு வெட்டலாம், லைம்லைட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம், ஒரு குறையும் வராது. ஆனால் அன்னையர் தினத்துக்குப் பலசரக்குக் கடை வாசலில் சாடியோடு விற்கும் நீல, இளஞ்சிவப்பு வகை அப்படியல்ல. அதன் பூ பெரும்பாலும் பழைய கிளையின் மொட்டில் இருக்கிறது. எங்கள் குளிரில் வேர் பிழைக்கும், மொட்டுக் கருகும். அதனால்தான் பலர் வீட்டில் வருடா வருடம் பச்சைப் புதராக வளர்ந்து பூவே காட்டாமல் நிற்கிறது. அதற்குச் செய்ய வேண்டியது இரண்டு. மே மாதத்தில் கிளையை மேலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். பருத்துப் பச்சையாக எட்டிப் பார்க்கும் முதல் சோடி மொட்டுக்குச் சற்று மேலே மட்டும் வெட்டுங்கள், அதற்குக் கீழே கை வைக்க வேண்டாம். நவம்பரில் செடியைச் சுற்றிக் கம்பி வலை வளைத்து, உள்ளே காய்ந்த மேப்பிள் இலைகளை நிரப்பி, மொட்டுகளை மூடிவிடுங்கள். வசந்தத்தில் அந்த இலைகளை ஒரேயடியாக வாரி எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், இரவுப் பனி இன்னும் முடிந்திருக்காது. நீலமாக வாங்கியது இளஞ்சிவப்பாக மாறிவிட்டதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: இங்குள்ள மண் சுண்ணாம்புத் தன்மை உள்ளது, அதில் அந்த நிறம்தான் வரும். தேயிலைச் சக்கை போட்டு நீலமாக்க முடியாது. நீலம்தான் வேண்டுமென்றால் அமில மண் நிரப்பிய சாடியில் வைத்து அலுமினியம் சல்பேட் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த இளஞ்சிவப்பே பிடித்திருக்கிறது.

ரோஜாவுக்கு நாள்காட்டி பார்க்கத் தேவையில்லை. தெருவில் போர்சித்தியா மஞ்சளாகப் பூத்தால் ரோஜா வெட்டும் நேரம் வந்துவிட்டது. தவறவிட்டவர்கள் மே மாதத்திலும் வெட்டலாம். தண்டின் நடுவில் இருக்கும் மென்மையான சோறு வெள்ளையாக அல்லது வெளிர்பச்சையாகத் தெரியும் வரை கீழே இறங்குங்கள். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு அரை சென்ரிமீற்றர் மேலே, சரிவாக வெட்டுங்கள். அப்புறம் அடியைப் பாருங்கள். ஒட்டுப்போட்ட ரோஜாவில் ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து வேறு மாதிரி இலையோடு ஒரு தண்டு வேகமாகக் கிளம்பினால், அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரோஜா அல்ல, ஒட்டுக்கு வேராக வைத்த வேறு ரோஜாவின் அடிக்கன்று. அதை வெட்டாமல், மண்ணை விலக்கி, புறப்பட்ட இடத்திலேயே பிய்த்து எடுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் எக்ஸ்ப்ளோரர் வரிசை ரோஜாக்களைத் தேடி வாங்குங்கள். பெலிசிற்றாஸ் ஸ்வேடா என்ற விஞ்ஞானி ஒட்டாவாவில் கனடா விவசாயத் திணைக்களத்துக்காக உருவாக்கியவை. ஜோன் கபட், வில்லியம் பஃபின் என்று நாடு தேடிப் போனவர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஒட்டில்லாமல் சொந்த வேரில் வளர்த்த கன்றாகக் கேட்டு வாங்கினால், நிலமட்டம் வரை கருகினாலும் அதே ரோஜாதான் திரும்பி வரும்.

இனி, நான் அதிகம் விசாரிக்கப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கறிவேப்பிலை.

ஏப்ரல் கடைசியில் ரொறன்ரோவின் ஹை பார்க் பூங்காவில் செர்ரி பூத்துவிட்டால் நம் சனத்துக்கு மனம் பரபரக்கும். 1959இல் ரோக்கியோ மக்கள் சார்பில் யப்பானியத் தூதர் 2,000 மரங்கள் கொடுத்துத் தொடங்கிய காட்சி அது. அதைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் கறிவேப்பிலைச் சாடியை வெளியே இழுத்து வைத்துவிடுகிறார்கள். செர்ரிக்கு அந்த இரவுக் குளிர் ஒன்றும் செய்யாது. கறிவேப்பிலைக்குச் செய்யும். இங்கே பழைய வழக்கம், விக்டோரியா நாள் வரை பொறுப்பது. மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. அதற்குப் பிறகும் நாள்காட்டியை நம்பாமல் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நிற்க வேண்டும்.

வெளியே கொண்டு போவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஆறு மாதம் யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற இலை, நேர் வெயில் பட்டால் வெள்ளை வெள்ளையாக வெந்துவிடும். முதல் சில நாள் விறாந்தை நிழலில், காற்று அடிக்காத மூலையில் இரண்டு மூன்று மணி நேரம். பிறகு காலை வெயில் மட்டும். ஒரு வாரம், பத்து நாள் போன பிறகே முழு வெயில். இரவு குளிர்ந்தால் உள்ளே எடுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் கேட்பாரற்று வளர்ந்த மரம்தானே என்று நினைக்கலாம். அது அங்கே பிறந்த வெயிலிலேயே வளர்ந்தது, இது நம் வரவேற்பறையில் வளர்ந்தது.

குளிர்காலத்தில் இலை முழுவதும் கொட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். சுரண்டிப் பாருங்கள், பச்சை இருந்தால் போதும். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, ஆகவே மண்ணின் மேல் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். குளிரில் இறந்ததை விட, இரக்கப்பட்டு ஊற்றிய தண்ணீரில் வேரழுகி இறந்த கறிவேப்பிலைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பசளையும் இப்போது கூடாது. புதுக் குருத்து இரண்டு மூன்று விரிந்த பிறகு கொடுக்கலாம். செத்த நுனிகளைப் பச்சை வரை வெட்டுங்கள். உயரமாக ஒற்றைத் தண்டாக நின்றால் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும். பூங்கொத்து வந்தால் அதையும் கிள்ளுங்கள், நமக்கு வேண்டியது இலை. சாடியின் கீழ்த்துளையால் வேர் எட்டிப் பார்த்தால் ஒரு அளவு பெரிய சாடிக்கு மாற்ற இதுவே நேரம். ஒரேயடியாகப் பெரிய சாடிக்குப் போக வேண்டாம், அவ்வளவு மண்ணும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இலையின் அடியில் மெல்லிய நூல் வலையும், மேலே ஊசி குத்தியது போன்ற புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப் பேன். தண்டில் பழுப்புச் சொறி போல ஒட்டிக்கொண்டு, நகத்தால் நோண்டினால் கழன்று வருவது செதில் பூச்சி. இரண்டும் வீட்டுச் சூட்டில் பெருகியவை. வெளியே எடுத்த அன்றே குழாய்த் தண்ணீரை வேகமாக இலையின் அடிப்பக்கம் அடியுங்கள். பிறகு பூச்சிகளுக்கென்று விற்கும் சவர்க்காரக் கரைசலை மாலையில் தெளியுங்கள், ஒரு வாரம் விட்டுத் திரும்பவும் தெளியுங்கள். ஒன்ராறியோவில் 2009 முதல் வீட்டுத் தோட்டத்துக்கு இரசாயனப் பூச்சிகொல்லிகள் பெரும்பாலானவை தடை. ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்த மருந்தை நாம் சமையலில் போடும் இலையில் அடிக்கவே வேண்டாம்.

மல்லிகைச் சாடிக்கும் வெளியே எடுக்கும் முறை இதேதான். ஒரு வித்தியாசம், மல்லிகையைத் துணிந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். புதுக் கிளையின் நுனியில்தான் அது பூக்கும்.

பியோனி பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை இந்த ஊரின் மகாராணி அதுதான். மொட்டில் எறும்பு ஊர்கிறது என்று மருந்து தேடாதீர்கள், மொட்டில் கசியும் தேனைக் குடிக்க வந்தவை, ஒரு கெடுதலும் செய்யாது. பூ விரிந்து மழை பெய்தால் தலை மண்ணில் சாயும், அதனால் செடி முழங்கால் உயரம் வருமுன்பே கம்பி வளையம் வைத்துவிடுங்கள். நன்றாக இலை விட்டும் பூக்காத பியோனி பெரும்பாலும் ஆழமாக நடப்பட்டது. கிழங்கின் கண்கள் மண்ணுக்குக் கீழே 5 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இப்போது தோண்ட வேண்டாம், செப்ரெம்பர் வரட்டும். வீட்டுக்குள் தண்ணீர்ச் சாடியில் வைக்கப் பூ வெட்டுவதென்றால் மொட்டு நிறம் காட்டி, விரலால் அழுத்த மெத்தென்று இருக்கும் பதத்தில், விடியற்காலையில் வெட்டுங்கள். ஜூனில் ஒஷாவாவில் பியோனி விழா நடக்கும், போனால் எந்த நிறம் வாங்குவது என்று திணறித்தான் வருவீர்கள்.

மற்றவை சுருக்கமாக. ரியூலிப் பூ முடிந்ததும் பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள், இலை தானாக மஞ்சளாகும் வரை விடுங்கள், அடுத்த வருடக் கிழங்குக்குச் சாப்பாடு அதுதான். லாவண்டரில் அடியில் புதுத் துளிர் தெரிந்த பிறகே வெட்டுங்கள், இலையில்லாத கட்டைக்குள் இறங்கினால் அது திரும்பத் துளிர்ப்பதில்லை. வீதியோரச் செடி கருகியிருந்தால் குளிர்காலத்தில் வீதிக்குப் போட்ட உப்பாக இருக்கலாம், சில தடவை ஆழமாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். தண்டு கத்தியால் சீவியது போல் சரிவாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். அடிமரத்தைச் சுற்றி முழு வட்டமாகப் பட்டை கொறிக்கப்பட்டிருந்தால் பனிக்கடியில் எலி வேலை செய்திருக்கிறது, அந்த வட்டத்துக்கு மேலே உள்ள பகுதி பிழைக்காது.

எப்போது கைவிடுவது? ஜூன் முடியும் வரை ஒரு துளிரும் இல்லை, அடித்தண்டைச் சுரண்டினாலும் பச்சை இல்லை என்றால் வேரோரம் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். வேர் இறுக்கமாக, உள்ளே வெளிறி இருந்தால் இன்னும் சில வாரம் விடலாம். நசுக்கினால் தோல் கழன்று கூழாகி, நாற்றம் வந்தால் எடுத்துவிடலாம். எடுத்த குழியில் உடனே இன்னொன்றை நடாமல், ஒரு வாளி தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். ஸ்காபரோவின் களிமண்ணில் காலையில் ஊற்றியது மாலையிலும் நிற்கலாம். அப்படி நின்றால் அந்தச் செடியைக் கொன்றது பெரும்பாலும் குளிர் அல்ல, குளிர்காலம் முழுவதும் வேரடியில் தேங்கி நின்ற தண்ணீர். மக்கிய இலையுரம் கலந்து மண்ணை ஒரு சாண் மேடாக்கிவிட்டு, அதன் மேல் புதுச் செடியை நடுங்கள்.