குங்ஸ்லேடன் மலைப்பாதை: முதல் தடவை போறவங்க எப்படி பிளான் பண்றது

ஸ்வீடனோட வடக்குல, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேல இருக்குற அபிஸ்கோவுல கிளம்பி தெக்க ஹேமவன் வரைக்கும் சுமார் 440 கிமீ ஓடுற நடைபாதை இது. பேருக்கு அர்த்தம் 'ராஜபாட்டை'ன்னு வச்சுக்கலாம், ஆனா முழங்கால் வரைக்கும் சேத்துல நிக்கும்போது ராஜா மாதிரி எல்லாம் தோணாது.

ஸ்டெப் 1: முழுசா நடக்கணும்னு ஆசைப்படாதீங்க. அதுக்கு ஒரு மாசம் கிட்ட ஆகும். முதல் தடவைக்கு அபிஸ்கோ டு நிக்கலுவொக்தா, ஏறக்குறைய 105 கிமீ, இது போதும். சிங்கி குடில் வரைக்கும் குங்ஸ்லேடன்லயே போய், அங்க கிழக்கால திரும்பி, நாட்டோட உசரமான மலை கெப்னெகைசெயோட அடிவாரம் வழியா வெளிய வந்துடலாம்.

ஸ்டெப் 2: கடைசி நாள்ல இருந்து பின்னாடி எண்ணுங்க. எல்லாரும் முதல் நாள்ல இருந்து எண்ணுவாங்க, அதுலதான் மாட்டிக்குவாங்க. நிக்கலுவொக்தால இருந்து கிருனா டவுனுக்கு பஸ் எந்த தேதி வரைக்கும் ஓடுது, எத்தனை மணிக்குன்னு முதல்ல பாத்து பேப்பர்ல மேல எழுதுங்க. அதுக்குக் கீழ நிக்கலுவொக்தால ஆரம்பிச்சு ஒவ்வொரு நாளா தூரத்தைப் பின்னால போடுங்க (பேரெல்லாம் தங்குற இடம், தூரம் கிமீல): கெப்னெகைசெ 19, சிங்கி 14, சேல்கா 12, ஷெக்ஷா 12, அலெஸ்யாவுரே 13, அபிஸ்கோயாவுரே 20க்கு மேல, அபிஸ்கோ 15. ஏழு நாள் ஆச்சா, அதோட இன்னும் ஒரு நாள் சும்மா சேத்துடுங்க, ஏன்னா ஷெக்ஷா கணவாய் கிட்டத்தட்ட 1,150 மீட்டர் உசரம், அங்க மேகம் இறங்கி காத்து அடிச்சா குடில்ல உக்காந்து டீ குடிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்டெப் 3: எப்போ போறது. ஜூன் கடைசில கணவாய்ல இன்னும் பனி கிடக்கும், ஆறுல தண்ணி வேகமா வரும். ஜூலைல கொசு உயிரை எடுத்துடும். என்னைக் கேட்டா ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம்தான். குட்டை பிர்ச் செடியெல்லாம் சிவந்து போய் மலையே வேற மாதிரி இருக்கும், ஆனா ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போகலாம், அதுக்கேத்த ஸ்லீப்பிங் பேக் எடுத்துக்கோங்க. ஆகஸ்ட்ல பெரிய நடைப்பயண நிகழ்ச்சி ஒண்ணு இதே ரூட்ல நடக்கும், கூட்டம் பிடிக்காதவங்க அந்தத் தேதியைத் தவிர்த்துடுங்க.

தங்குறது டென்ட்டா குடிலான்னு கேப்பாங்க. ஸ்வீடன்ல யாரோட நிலமா இருந்தாலும் வீட்டுக்குத் தள்ளி ஒரு ராத்திரி டென்ட் போட சாதாரணமா உரிமை உண்டு. ஆனா அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள்ள குறிச்ச இடத்துல மட்டும்தான் போடணும், முதல் நாளே இந்த விஷயம் வந்துடும். மலைக் குடில்ல கரண்ட் கிடையாது, விறகு வெட்டுறது, தண்ணி தூக்குறது எல்லாம் தங்குறவங்க வேலை. பவர் பேங்க் வேணும். அலெஸ்யாவுரேல ஏரிக்கு மேல விறகு சவுனா (சூடான நீராவிக் குளியல் அறை) ஒண்ணு இருக்கு, அதை மட்டும் விட்டுடாதீங்க.

ஸ்டெப் 4: சாப்பாட்டு எடை. நான் முதல் தடவை பயந்து போய் ஒன்பது நாளுக்குக் கட்டிட்டேன், பை 21 கிலோ, ரெண்டாம் நாள் மதியம் தோள்ல பட்டை அழுத்தின இடம் செவசெவன்னு ஆகிடுச்சு, கடைசில ரெண்டு கிலோ நட்ஸ் அப்படியே திரும்பி வந்துச்சு. அபிஸ்கோயாவுரே, அலெஸ்யாவுரே, சேல்கா குடில்கள்ல சின்ன கடை உண்டு, ஷெக்ஷாவுலயும் சிங்கிலயும் இல்ல. அதனால காய்ஞ்ச சாப்பாடா நாளுக்கு 600, 700 கிராம் கணக்குல நாலு நாளுக்கு மட்டும் கட்டி, மீதியை வழியில வாங்கிக்கலாம், விலை கூடத்தான், ஆனா முதுகு மிஞ்சும். நடக்கும்போது தண்ணி தூக்கவே வேணாம், ஓடுற ஓடையில அப்படியே மொண்டு குடிக்கிறாங்க. கேஸ் கேனை விமானத்துல ஏத்த விடமாட்டாங்க, அங்க போய் வாங்குங்க.

ஸ்டெப் 5: கிருனா பக்கமிருந்து ரயில்ல போனா அபிஸ்கோன்னு ரெண்டு ஸ்டாப் வரும். ஓஸ்த்ரான்னு இருக்குறது ஊரு, பாதை ஆரம்பிக்கிறது அதுக்கு அடுத்த டூரிஸ்ட்ஸ்டேஷன்ல, தூங்கிட்டு இருந்துடாதீங்க.

வழில கம்பத்து மேல பெரிய சிவப்பு எக்ஸ் குறி தெரியும். அது குளிர்காலத்துல ஸ்கீல போறவங்களுக்கு, ஏரி உறைஞ்சிருக்கும்னு நம்பி நேரா தண்ணி மேலயும் சதுப்பு மேலயும் போகும். நீங்க பாக்க வேண்டியது கல்லுல பூசின சிவப்பு பெயின்ட். பேப்பர் மேப் கட்டாயம், ரொம்ப தூரத்துக்கு சிக்னலே இருக்காது. எந்த நாள் வெளிய வருவீங்கன்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.

கடைசி நாள் 19 கிமீல நடுவுல லாத்யோயாவுரே ஏரில சீசன்ல மோட்டார் போட் ஓடும், அஞ்சாறு கிமீ மிச்சம். வந்தா ஏறிக்கோங்க, ஆனா பேப்பர்ல 19ன்னே எழுதி அதுக்கேத்த நேரத்துல கிளம்புங்க, பஸ் உங்களுக்காக நிக்காது.