தலை நுழையாத சட்டை: ஃபேஷன் டிசைன் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு டி-ஷர்ட். என் முதல் வேலையில், முதல் டிசைன். கழுத்துக்கு வழக்கமான ரிப் (இழுபடும் வரிப் பின்னல் பட்டை) வேண்டாம், கலர் நாடா வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று வரைந்து கொடுத்தேன். சாம்பிள் வந்தது. அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அதைக் கையில் எடுத்து, கழுத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுக்குள்ள தலை போகுமா?"

போகாது. அந்த வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். நான் விட்டிருந்த கழுத்து 42. ரிப் என்றால் இழுபட்டு வழிவிடும். நெய்த நாடா விடாது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். படம் அழகாக இருந்தது, அவ்வளவுதான். தோளைத் திறந்து இரண்டு பிரஸ் பட்டன் வைக்கச் சொல்லி மாஸ்டர்தான் காப்பாற்றினார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஆர்வத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த ஆர்வம் படத்தின் மேல் இருக்கிறது, துணியின் மேல் இல்லை. மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

வரைந்துவிட்டுத் துணி தேடுவது முதல் தவறு. 'காட்டன் பனியன் துணி' என்று எழுதினால் கடைக்காரர் எதைத் தருவார்? பனியன் பின்னலிலேயே பல வகை: சிங்கிள் ஜெர்சியா, பிக்கேயா, இன்டர்லாக்கா? ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில், 140 என்றால் துணி உடம்பில் விழுகிற விதம், அந்த விழுகை, ஒன்று; 240 என்றால் வேறு விழுகை. சிங்கிள் ஜெர்சிக்கு இன்னொரு குணமும் உண்டு. நூலில் இருக்கும் முறுக்கு, துவைத்ததும் வேலையைக் காட்டும். நேராக இருந்த சைடு தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி நிற்கும். அந்தத் தையலை நம்பி முன்பக்கமும் பின்பக்கமும் சேரும்படி பிரிண்ட் வரைந்திருந்தால் கதை முடிந்தது. அதனால் வரைவதற்கு முன்பே துணியில் ஒரு துண்டு வெட்டி அளந்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். திருப்பூர் காதர்பேட்டை சந்தைக்குப் போனால் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு விலை குறைவாகவே கிடைக்கும். நாலைந்து டி-ஷர்ட் வாங்கித் தையலைப் பிரித்துப் பாருங்கள். கழுத்து ரிப்பை ஏன் கழுத்துச் சுற்றளவைவிடக் குறைத்து வெட்டுகிறார்கள் என்பது பிரித்தவுடன் புரிந்துவிடும்.

அடுத்தது கௌரவம். "டிகிரி முடிச்சுட்டு மிஷின்ல உக்காரப் போறியா?" என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் ஒரு வாரமாவது உட்கார்ந்து தைக்காதவருக்கு, தான் வரைந்த வளைவில் டெய்லர் ஏன் திணறுகிறார் என்பது விளங்காது. பவர் டேபிளில், அதாவது தையல் மிஷின் வரிசையில், டெய்லருக்குக் கைமடியாக (உதவியாளாக) நிற்கும் பெண்ணுக்கு அது விளங்கும். அவர்களிடம் கேளுங்கள். "அக்கா, இந்த இடத்துல ஏன் சுருங்குது?" என்று கேட்டதற்காக என்னை யாரும் கேலி செய்ததில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டியபோதுதான் சிரித்தார்கள்.

கணக்குப் போடாமல் இருப்பதும் ஒரு தவறு. சொன்னால் முகம் சுளிப்பார்கள், 'கற்பனைக்கு விலை பார்ப்பதா' என்று. சரி, ஒரு கணக்குப் பார்ப்போம். டி-ஷர்ட்டின் நீளத்தை 5 சென்டிமீட்டர் கூட்டுகிறீர்கள். உடம்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர், துணி 180 ஜிஎஸ்எம். ஒரு பீஸுக்குக் கூடுவது 9 கிராம் சொச்சம். 10,000 பீஸ் ஆர்டர் என்றால் 90 கிலோவுக்கு மேல் துணி, வேஸ்டேஜ் தனி. இங்கே பனியன் துணி கிலோ கணக்கில்தான் விற்கிறது. அந்த 5 சென்டிமீட்டர் தேவை என்றால் தாராளமாக வையுங்கள். எவ்வளவு செலவு என்று தெரிந்து வையுங்கள்.

உள்ளூர்ப் பொருளைக் கையாள்வதில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு கூட்டம் போனில் பாரிஸையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்திலிருக்கும் கைத்தறி ஊரான சென்னிமலைக்குப் போய்த் தறியைப் பார்த்திருக்காது. இன்னொரு கூட்டம் பவானி ஜமக்காளத்தை வாங்கி அப்படியே ஜாக்கெட்டாக வெட்டும். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய துணிதான், ஆனால் தரையில் விரிப்பதற்கென்று முரட்டு நூலில் நெய்தது. வெட்டினால் ஓரம் பிரியும், அக்குளில் மடங்காது. நானும் வெட்டியிருக்கிறேன், அது ஜாக்கெட் மாதிரி இல்லை, பெட்டி மாதிரி நின்றது. ஜமக்காளத்திடம் வாங்க வேண்டியது அந்தப் பட்டைகளின் வரிசை. சிவப்புக்குப் பக்கத்தில் எவ்வளவு அகலத்தில் பச்சை வருகிறது, எந்த இடத்தில் கறுப்பு வந்து இரண்டையும் பிரிக்கிறது என்று ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டால், அதே வரிசையை நிட்டிங்கில் மெல்லிய நூலில் ஓட்டலாம். பொள்ளாச்சிப் பக்கத்து நெகமம் கைத்தறிச் சேலையின் கட்டத்தையும் பார்டரையும் இப்படியே படிக்கலாம்.

போன் திரையில் பார்த்து கலர் முடிவு செய்யாதீர்கள்; டையிங்கிலிருந்து லேப் டிப் (சாயம் தோய்த்த மாதிரித் துண்டு) வரட்டும், அதையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, கடை லைட்டில் ஒருமுறை பாருங்கள். ஆர்டரைத் தொடர்ந்து கவனித்து முடித்துக்கொடுக்கும் மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்தால் 'இது டிசைனிங் இல்லையே' என்று விடாதீர்கள். நூலிலிருந்து பேக்கிங் வரை ஒரு ஆர்டர் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறது என்பதை அந்த நாற்காலியில்தான் பார்க்க முடியும்.

இன்டர்வியூவுக்குக் கொண்டுவரும் போர்ட்ஃபோலியோவில் முடிந்த படங்களை மட்டும் அடுக்காதீர்கள். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரிடமும் ஒல்லியான நெட்டைப் பெண் ஓவியம்தான் இருக்கும். தப்பாக வந்த ஒரு சாம்பிள், அதன் அளவு, எங்கே மாற்றினீர்கள், மாற்றியபின் தைத்த சாம்பிள், இவற்றை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தால் முதலில் அந்தக் கவரைத்தான் பிரிப்பேன்.