‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் காணும் வழி

மலையகத்தில் ‘லைன்’ என்றதும் நினைவுக்கு வருவது தோட்டத்து லயம்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளுக்கு வழங்கிய அந்த ஆங்கிலச் சொல்லே நம் நாவில் லயனாகவும் லயமாகவும் திரிந்தது. ஆங்கிலப் பத்தியொன்றில் இச்சொல்லைக் கண்டால், அது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா என்று முதலில் பாருங்கள்.

பெயர்ச்சொல்லாயின், முன் நிற்கும் சொல்லே பெரும்பாலும் பொருளைக் காட்டிவிடும். ‘மெயின் லைன்’ என்பது கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டன், நானுஓயா வழியாகச் சென்று, 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை; ‘பவர் லைன்’ மின்கம்பி. சிக்கல் தருவது ‘இன் லைன்’ என்னும் தொடராகும். தனித்து நின்றால் அது வரிசையில் நிற்பதைக் குறிக்கும் (இது அமெரிக்க வழக்கு, நமக்குப் பழகிய பிரித்தானிய வழக்கில் ‘கியூ’ என்பர்). ‘வித்’ சேர்ந்தாலோ, ‘சுற்றறிக்கைக்கு இணங்க’ என்பதிலுள்ள ‘இணங்க’ என்ற பொருளைப் பெறும். ‘ஹோல்ட் த லைன்’ என்று தொலைபேசியில் கேட்டால் காத்திருக்க வேண்டும். போர்ச் செய்தியில் வாசித்தால், பின்வாங்காது நிற்றல் என்று கொள்ள வேண்டும்.

வினைச்சொல்லாயின், செயப்படுபொருளைக் கவனியுங்கள். மரங்கள் வீதியை ‘லைன்’ செய்தால் அவை அதன் ஓரமாக வரிசையாக நிற்கின்றன. தேயிலைப் பெட்டியை ‘லைன்’ செய்வதோ, அதன் உட்புறத்தில் உலோகத்தாள் பதிப்பதாகும். ஆடைகளுக்கு உட்துணியாக லினன் வைத்துத் தைத்த வழக்கத்திலிருந்து இப்பொருள் பிறந்தது.